மழைக்காலச் சிற்றாற்றில் கயாக் பயணமும் மூன்றாவது தடுப்பணையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பதிவின் நோக்கம்

சேர்வராயன் மலையின் மேற்கு அடிவாரத்தில், வடகிழக்குப் பருவமழைக் காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மூவர் கயாக் படகுகளுடன் (ஒருவர் அமர்ந்து துடுப்புப் போடும் குறுகிய படகு) ஒரு சிற்றாற்றில் இறங்கினர். அவர்களில் ஒருவர் ஒரு தடுப்பணையின் கீழே சிக்கி, கயிறு வீசி மீட்கப்பட்டார். உயிரிழப்பு இல்லை. பாசனத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், நடந்ததைத் தொகுத்து எழுதித் தருமாறு குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டனர். அன்று நான் அங்கே இல்லை. படகில் சென்ற மூவரிடமும், கரையில் இருந்த இருவரிடமும், உதவிக்கு வந்த விவசாயியிடமும் தனித்தனியே பேசி, வெள்ளம் வடிந்த பிறகு இடத்தையும் நேரில் பார்த்து இதை எழுதியிருக்கிறேன். ஆட்களின் பெயர், ஊரின் பெயர், ஆற்றின் பெயர் ஆகிய மூன்றும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன. சேலம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட ஆறு ஊருக்கு ஊர் இருப்பதால் பெயரைச் சொல்லாததால் குறை எதுவும் இல்லை.

ஆறும் நிலமும்

ஏற்காட்டுப் பீடபூமி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; சேலம் நகரமோ 300 மீட்டருக்கும் கீழே. இடையில் இருக்கும் சரிவு சில கிலோமீட்டர்தான். மலையின் தென்புறத்து நீர் திருமணிமுத்தாற்றுக்கும், மேற்குப்புறத்து நீர் சரபங்கா நதிக்கும் சென்று காவிரியில் சேர்கிறது. வடபுறத்து நீர் வாணியாறாகித் தென்பெண்ணையை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் இவை மணலும் பாறையுமாகக் கிடப்பவை. மலையில் கனமழை பெய்தால் ஓரிரு மணி நேரத்தில் அடிவாரத்தில் நுங்கும் நுரையுமாக வந்து நிற்பவை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததையும், திருமணிமுத்தாறு கரைமீறிச் சேலத்துத் தெருக்களில் நுழைந்ததையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புயல் வந்தால்தான் இப்படி என்பதும் இல்லை. 2021 அக்டோபரில் ஆத்தூர் அருகே ஆணைவாரி முட்டல் அருவியில் திடீரென நீர் பெருகியபோது கைக்குழந்தையோடு ஒரு தாய் பாறையில் சிக்கி மீட்கப்பட்ட காட்சி தமிழ்நாடு முழுவதும் பரவியது. அது வழக்கமான பருவமழைதான்.

இங்கே பேசப்படும் ஆறு சரபங்காவில் சேரும் கிளை. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றிச் செல்ல முடியாது என்பதால், காட்டெல்லைக்குக் கீழே பட்டா நிலங்களின் நடுவே ஓடும் 6 கிலோமீட்டர் நீளத்தையே குழு தேர்ந்தெடுத்தது. மேற்பகுதியில் உருண்டைப் பாறைகளும் சிறு சரிவுகளும் உண்டு. ஆறுகளின் கடினத்தை 1 முதல் 6 வரை வகுக்கும் சர்வதேச அளவுகோலில் இவை இரண்டாம் நிலை, ஓரிரு இடங்களில் மூன்றாம் நிலை. பயிற்சி உள்ளவருக்கு இவை பெரிய சவால் அல்ல.

கீழ்ப்பகுதியில் இருப்பவைதான் கவலைக்குரியவை. மூன்று தடுப்பணைகள், சிமெண்ட் குழாய்கள் பதித்த ஒரு தரைப்பாலம், இரு கரையிலும் நீருக்குள் சாய்ந்து கிடக்கும் சீமைக்கருவேல முட்கள், மடுக்களில் விவசாயிகள் இறக்கியிருக்கும் மோட்டார் குழாய்கள், ஆடு தாண்டாமல் இருக்க ஓரிடத்தில் ஆற்றின் குறுக்கே கட்டிய முள்கம்பி. இவற்றில் எதற்கும் அந்த அளவுகோலில் எண் கிடையாது. முள்ளுக்குள் நீர் புகுந்து வெளியேறிவிடும், ஆள் புகுந்தால் வெளியேற முடியாது. தரைப்பாலத்துக் குழாய்களும் அப்படியே.

குழுவும் முன்னேற்பாடும்

மூவரும் கர்நாடகத்தின் தாண்டேலியில் காளி நதியில் கயாக் கற்றவர்கள். முப்பதுகளில் இருக்கும் குழுத்தலைவர் மற்ற இருவரைவிட அனுபவம் மிக்கவர். இரண்டாமவர் ஓர் இளம்பெண். மூன்றாமவர் நாற்பதைத் தாண்டியவர், நல்ல நீச்சல்காரர், ஆனால் வேகமாக ஓடும் சிற்றாற்றில் அதிகம் பழகாதவர். சிக்கியவர் இவரே. தலைவரின் மச்சானும் ஒரு நண்பரும் வாகனத்தோடு கரையில் இருந்தனர். லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், விசில், ஆளுக்கொரு 18 மீட்டர் எறிகயிறு ஆகியவை எல்லாரிடமும் இருந்தன. உபகரணத்தில் நான் குறை காணவில்லை.

முந்தைய புதன்கிழமை தலைவரும் இரண்டாமவரும் கரையோரமாக நடந்து முழு நீளத்தையும் பார்த்தனர். மூன்று தடுப்பணைகளையும் படகில் தாண்டக் கூடாது, முன்பே கரையேறிப் படகைத் தூக்கிக்கொண்டு சுற்றி வர வேண்டும் என்று முடிவு செய்தனர். தரைப்பாலத்துக்கு மிகவும் முன்னதாகவே பயணத்தை முடிப்பது என்றும் தீர்மானித்தனர். மூன்றாவது அணையில் இடது கரையில், சுவருக்குச் சுமார் 15 மீட்டர் முன்னால், ஊரார் துணி துவைக்கும் படித்துறை ஒன்று இருந்தது. அதையே கரையேறும் இடமாகக் குறித்துக்கொண்டு, பக்கத்துப் புங்கமரத்தில் சிவப்புத் துணி கட்டினர். அன்று அணைச் சுவரின் மேல் வழிந்த நீர் ஒரு சாண் ஆழம்கூட இல்லை. படித்துறையின் முன் நீர் ஏறக்குறைய அசையாமல் நின்றது.

பயண நாள்

ஞாயிறு காலை ஏற்காட்டின் மழையளவைப் பார்த்தபோது, எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. இதை நம்பிப் பயணத்தை உறுதிசெய்தனர். இந்த எண்ணைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவதாக, வானிலைத் துறை வெளியிடும் தினசரி அளவு காலை 8:30 மணிக்கு முடிந்த 24 மணி நேரத்துக்கு உரியது. அன்று பிற்பகல் என்ன நடக்கும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இரண்டாவதாக, மழைமானி பீடபூமியின் மேல் இருக்கிறது. இந்த ஆற்றுக்கு நீர் தரும் சரிவு அங்கிருந்து விலகியது. மலையில் ஒரு பக்கம் கொட்டும்போது மறுபக்கம் வெயில் அடிப்பது ஏற்காட்டுக்காரர்களுக்கு அன்றாட அனுபவம்.

காலை 8 மணிக்குத் தொடங்குவதாகத் திட்டம். வாகனத்தின் டயர் பழுதாகி, உதிரி டயரிலும் காற்று இல்லாமல் போகவே, படகுகள் நீரில் இறங்கியபோது மணி 12:40. பருவமழைக் காலத்தில் உள்மாவட்டங்களில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கிளம்பும். ஆக, நாளின் பாதுகாப்பான பாதி பஞ்சர் கடையில் கழிந்தது. இருந்தும் பயணத்தை ஒத்திவைப்பது பற்றி யாரும் பேசவில்லை என்பதை ஐவருமே ஒப்புக்கொண்டனர். வெயில் அடித்தது, நீர் தெளிவாக இருந்தது, ஓசூரிலிருந்து ஒருவர் இதற்காகவே வந்திருந்தார் என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். என் பார்வையில் அன்றைய தவறுகளில் விலை அதிகமானது இந்த நாலரை மணி நேரத் தாமதத்தைத் திட்டத்தின் மாற்றமாகக் கருதாமல் விட்டதே.

பாறைப் பகுதியை மூவரும் சிரமமின்றிக் கடந்தனர். முதல் தடுப்பணையைத் திட்டப்படி கரையேறிச் சுற்றி வந்தனர்.

இரண்டாவது தடுப்பணை

இரண்டாவது அணையில் படகைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, நீரின் நிறம் மாறியிருப்பதை இரண்டாமவர் கவனித்தார். தெளிவாக இருந்த நீரில் செம்மண் கலங்கல் ஏறியிருந்தது. சருகும் சுள்ளியும் நுரையோடு மிதந்து வந்தன. தலைவர் நீரோரத்தில் ஒரு கல்லை வைத்துப் பார்த்தார். பத்து நிமிடத்துக்குள் கல் மூழ்கிவிட்டது. எந்தக் கருவியும் இல்லாமல் ஆற்றின் ஏற்றத்தை அறிய இதைவிட நம்பகமான வழி இல்லை. கலங்கல், சருகு, ஏறும் விளிம்பு ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தால் மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அக்கரையில் எருமை ஓட்டி வந்த முதியவரும் மலையைக் காட்டி, "கண்ணு, மேல இருட்டிக்கிட்டு வருதுங்க, சீக்கிரம் ஏறிக்கிடுங்க" என்று சொன்னார்.

பயணத்தை அங்கேயே முடிக்க வேண்டும் என்று இரண்டாமவர் சொன்னார். தலைவர் யோசித்துத் தொடர முடிவு செய்தார். வாகனம் மூன்றாவது அணையின் அருகே காத்திருந்தது, அதற்கு ஒரு கிலோமீட்டர்தான் இருந்தது. நின்றுகொண்டிருந்த கரையில் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்ததால் படகோடு நடப்பது கடினம். நீர் ஏறுவதற்கு முன் பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றும் கணக்கிட்டார். இந்தக் காரணங்களை நான் அற்பமானவை என்று சொல்ல மாட்டேன். முள்ளுக்குள் நடப்பதன் சிரமம் கண்முன் இருந்தது, அணையின் ஆபத்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஆனால் படகுகளைக் கரையிலேயே கட்டிப்போட்டு வெறுங்கையோடு நடந்திருக்கலாம் என்ற வழி யாருக்கும் தோன்றவில்லை. படகைக் காப்பாற்றுவதும் ஆளைக் காப்பாற்றுவதும் ஒரே கேள்வியாகக் கலந்துவிட்டன.

மூன்றாவது தடுப்பணை

புதன்கிழமை குறித்து வைத்த படித்துறை நீருக்குள் போயிருந்தது. அசையாத நீர் இருந்த இடத்தில், இடது கரையை ஒட்டியே ஓட்டம் இழுத்துக்கொண்டு ஓடியது. முன்னால் வந்த தலைவர் இதைக் கண்டதும் விசில் அடித்து, புங்கமரத்தை எட்டும் முன்பே ஒரு கிளையைப் பிடித்துக் கரையேறினார். இரண்டாமவரும் அதே இடத்தில் ஏறினார். சற்றுப் பின்னால் வந்த மூன்றாமவர் விசிலைக் கேட்டார். ஆனால் சிவப்புத் துணியைத்தான் கண் தேடியது என்று பிறகு சொன்னார். துணி தெரிந்ததும் அதை நோக்கித் துடுப்புப் போட்டார். கால் ஊன்ற எண்ணிய படி முழங்கால் ஆழத்துக்குக் கீழே இருந்தது. படகு பக்கவாட்டில் திரும்பியது. மேலிருந்து பார்க்கும்போது அணை ஒரு நேர்கோடாக மட்டுமே தெரிந்தது. சத்தமும் பெரிதாக இல்லை.

சத்தம் குறைந்திருந்ததே இந்த நிகழ்வின் மையம் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சுவருக்குக் கீழே நீர் செய்வது

தடுப்பணை கட்டும்போது எங்களுக்கு இருக்கும் முதல் கவலை, விழும் நீர் அடித்தளத்தை அரித்துவிடக் கூடாது என்பதே. அதற்காகச் சுவரின் கீழே கான்கிரீட் தளமும், அதன் முடிவில் ஒரு சிறு தடுப்பும் அமைத்து, நீர் தன் வேகத்தை அந்த இடத்திலேயே சுழன்று இழக்கும்படி செய்கிறோம். இருபுறமும் சிறகுச் சுவர் எழுப்பிக் கரையைக் காக்கிறோம். அணை நிலைப்பதற்காகச் செய்யப்படும் இந்த ஏற்பாடு அத்தனையும், அதற்குள் விழுந்த மனிதனை வெளியே விடாத ஏற்பாடும்கூட.

நீர் குறைவாக வழியும்போது அது தளத்தில் விழுந்து சிதறி ஓடிவிடும். சிறுவர்கள் அங்கே அமர்ந்து குளிப்பார்கள். மிகப் பெரிய வெள்ளத்தில் கீழ்ப்புற நீர்மட்டம் சுவரையே மூழ்கடித்துவிட, அணை இருப்பதே தெரியாது. ஆபத்து இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் இருக்கிறது. விழும் நீர் அடியில் பாய்ந்து சென்று, சிறிது தூரம் கழித்துக் கொதித்து மேலெழுகிறது. எழுந்த நீரில் ஒரு பகுதி கீழ்நோக்கி ஓட, மறுபகுதி மேற்பரப்பில் சுவரை நோக்கித் திரும்பி வருகிறது. அந்தக் கொதிப்புக்கும் சுவருக்கும் இடையே மிதப்பது எதுவானாலும் சுவருக்கே இழுக்கப்பட்டு, விழும் நீரால் அமுக்கப்பட்டு, கொதிப்பில் எழுந்து, மீண்டும் சுவருக்கே திரும்பும். அங்குள்ள நீரில் காற்று நிரம்பக் கலந்திருப்பதால் லைஃப் ஜாக்கெட்டும் வழக்கமான அளவுக்குத் தூக்கிப் பிடிக்காது. இயற்கையான பாறைச் சரிவில் இத்தகைய சுழலுக்கு எங்காவது ஒரு பக்கம் திறப்பு இருக்கும். அணையிலோ, சுவர் முதல் சுவர் வரை ஒரே சீராக அமைந்து, இரு முனையிலும் சிறகுச் சுவரால் அடைபட்டிருக்கும்.

இந்த அணையின் நீளம் 20 மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிறகுச் சுவரில் படிந்த சருகுக் கோட்டை வைத்துப் பார்த்தால், விபத்தின்போது சுவரின் மேல் வழிந்த நீர் 60 சென்டிமீட்டர் ஆழம். புதனன்று சுமார் 20. மூன்று மடங்குதானே என்று தோன்றும். வழியும் ஆழம் மூன்று மடங்கானால் நீரின் அளவு ஐந்து மடங்குக்கு மேல் போகும் என்பது கலிங்குக் கணக்கு (சுவரின் மேல் வழியும் நீரை அளக்கும் கணக்கு). புதனன்று வினாடிக்கு 100 கன அடி அளவில் இருந்தது, ஞாயிறன்று ஏறத்தாழ 550 கன அடி. மேட்டூரில் பல்லாயிரம் கன அடி திறப்பு என்று படித்துப் பழகிய நமக்கு 550 ஓர் எண்ணாகவே தோன்றாது. ஆனால் அது வினாடிக்கு 15 டன்னுக்கும் மேலான நீர்; அது அத்தனையும் ஒரு குறுகிய சுவரைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது.

கீழ்ப்புறத்தில் கருவேல முட்கள் ஓட்டத்தைத் தடுத்ததால், அங்கே நீர்மட்டம் மேற்புறத்தைவிட வேகமாக ஏறியிருந்தது. அதனால் கண்ணுக்குத் தெரிந்த வீழ்ச்சி இரண்டு அடியாகச் சுருங்கியது, சத்தமும் அடங்கியது. ஆற்றுக்குப் பழகாத கண், அணை சாந்தமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும்.

மீட்பு

படகு சுவரைத் தாண்டி விழுந்ததும் குறுக்காகத் திரும்பிச் சுழலில் நின்றது. மூன்றாமவர் படகிலிருந்து வெளியேறி அதையே பிடித்துக்கொண்டார். உருண்ட படகு அவருடைய வலது தோளை முறுக்கிப் பெயர்த்தது. பிடியை விட்ட பிறகு சுவருக்கும் கொதிப்புக்கும் இடையே மூன்று முறையோ நான்கு முறையோ போய்வந்ததாக அவருக்கு நினைவு. கரையில் இருந்தவரின் கைபேசி அழைப்புப் பதிவை வைத்து, விழுந்ததிலிருந்து கரை சேர்ந்தது வரை நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு என்று கணிக்கிறேன்.

தலைவரின் மச்சான் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிக்கப் போனார். இரண்டாமவர் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தியது அன்றைய முடிவுகளில் மிகச் சரியானது. நம் ஏரிகளிலும் தடுப்பணைகளிலும் ஒருவர் மூழ்கும்போது, காப்பாற்றக் குதித்த அண்ணனும் மாமனும் சேர்ந்து போவதைச் செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்.

தலைவர் சிறகுச் சுவரின் கீழ் முனைக்கு ஓடிக் கயிற்றை வீசினார். முதல் வீச்சு கொதிப்புக்குக் கீழ்ப்புறம் விழுந்து, சிக்கியவரிடமிருந்து விலகியே ஓடிவிட்டது. இரண்டாவது வீச்சைச் சுவரை ஒட்டி வெள்ளை நுரைக்குள் போட்டார். திரும்பிவரும் நீரே கயிற்றை அவரிடம் கொண்டுசேர்த்தது. அவர் அதை இடது அக்குளுக்குள் வைத்து நெருக்கிக்கொண்டார். அதற்குள் தொடக்கத்தில் சொன்ன விவசாயி தன் மகனோடு கிணற்றுக் கயிறும் லாரி டியூபும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்ள முயன்ற மகனை இரண்டாமவர் தடுத்தார். இழுப்பவரின் உடலில் கட்டிய கயிறு அவரையும் உள்ளே கொண்டுபோகும். நால்வர் சேர்ந்து, கரையை நோக்கி நேராக இழுக்காமல், கீழ்ப்புறம் நடந்துகொண்டே சாய்வாக இழுத்தனர். கொதிப்பைத் தாண்டியதும் ஆறே அவரைக் கரையை நோக்கித் தள்ளிவிட்டது.

பின்னர் நடந்தவை

அவர் நினைவோடு இருந்தார், விடாமல் இருமினார். 108 ஆம்புலன்ஸ் மூலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே தோள் பொருத்தப்பட்டது. வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவரே சொன்னபோதும், நுரையீரலுக்குள் நீர் போயிருந்தால் மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரக்கூடும் என்று விளக்கி, ஆக்சிஜன் அளவைக் கண்காணிக்க மருத்துவர்கள் உள்நோயாளியாக வைத்துக்கொண்டனர். மூன்றாம் நாள் வீடு திரும்பினார். தோள் பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆயின. படகு இரண்டு நாள் கழித்து, கருவேல முள்ளுக்குள் இரண்டாக மடிந்த நிலையில் கிடைத்தது. அதைப் பார்த்த பிறகுதான் முள்ளின் ஆபத்து தனக்கு உறைத்தது என்று தலைவர் சொன்னார்.

ஊரார் கோபத்தில் நியாயம் இருந்தது. விளையாட்டுக்கு வந்தவர்களுக்காகத் தங்கள் பிள்ளைகள் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதாயிற்று என்றனர். குழுவினர் பிறகு நேரில் சென்று மன்னிப்புக் கேட்டனர்.

எங்கே மாறியிருக்கலாம்

விசில் சைகையின் பொருள் முன்பே பேசி வைக்கப்படாததே காரணம் என்பது தலைவரின் கருத்து. அதில் உண்மை உண்டு. ஆனால் எனக்கு அது கடைசிக் கண்ணியாகத்தான் படுகிறது. புதனன்று கண்ட ஆற்றை வைத்துக் குறித்த கரையேறும் இடம், ஞாயிறன்று இல்லாமல் போனதே அடிப்படை. சுவருக்கு 15 மீட்டர் முன்னால் என்பது தாழ்ந்த நீரில் தாராளம், ஏறிய நீரில் சில வினாடி. அங்கே கட்டிய சிவப்புத் துணி எச்சரிக்கையாக அமையாமல், ஆளை அணைக்கு அருகே அழைக்கும் அடையாளமாக மாறிவிட்டது. இரண்டாமவரோ, தன் எதிர்ப்பை ஒரு முறை சொல்லிவிட்டு விட்டதைப் பற்றியே அதிகம் பேசினார். ஒருவர் வேண்டாம் என்றால் அனைவரும் நிற்க வேண்டும் என்ற விதி குழுவில் அப்போது இல்லை.

மாற்றிக்கொண்டவை

இப்போது அந்த விதி இருக்கிறது. காலை 11 மணிக்குள் நீரை விட்டு வெளியேற முடியாது என்றால் பயணம் இல்லை. கரையேறும் இடம் அணைக்கு 100 மீட்டர் முன்னால், நீர் ஒரு மீட்டர் ஏறினாலும் பயன்படக்கூடிய இடமாகப் பார்த்துக் குறிக்கப்படுகிறது. கரையில் இருப்பவர் கயிற்றோடு அணையின் கீழ்முனையில் முன்கூட்டியே நிற்கிறார். மலைச்சரிவில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவர், பயண நாளில் மழை தொடங்கினால் கைபேசியில் அழைப்பதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். எந்த மழைமானியையும்விட இந்த ஆற்றுக்கு அவர் நெருக்கமானவர். மூன்றாவது அணை வரை செல்வதையே குழு கைவிட்டுவிட்டது.

படகுக்காரர்களைப் பொறுத்தவரை இவை போதும். ஆனால் அந்த அணையில் மழைக்காலத்தில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் படகுக்காரர்கள் அல்லர். புதுத்தண்ணியில் ஏறிவரும் மீனுக்காகச் சுவரின் கீழே வலையோடு நிற்கும் பையன்களும், விடுமுறையில் குளிக்க வருபவர்களும்தான். அவர்களிடம் ஜாக்கெட்டோ கயிறோ கிடையாது. சிறகுச் சுவரில் வழியும் ஆழத்தைக் காட்டும் அளவுக்கோடு வரையவும், ஒரு முழத்துக்கு மேல் வழிந்தால் கீழே இறங்கக் கூடாது என்று எழுதிவைக்கவும் அனுமதி கேட்டு, நானும் அந்த விவசாயியும் மனு கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. குழுவினர் வாங்கிக் கொடுத்த இரண்டு எறிகயிறுகள் அவர் வீட்டு மோட்டார் அறையில், வாசலை ஒட்டிய ஆணியில் மாட்டப்பட்டுள்ளன. அவற்றை எப்படி வீச வேண்டும் என்பதை இரண்டாமவர் ஊர்ப் பையன்களுக்கு, நீர் வற்றிய பிறகு, அந்த அணையிலேயே சொல்லிக்கொடுத்தார்.